நாவற்பழத்தின் நிறமும் நம் வயிற்றின் புளிப்பும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

வட்டார வளர்ச்சி அலுவலகம் என்றால் சாலை, குடிநீர், தெருவிளக்கு, வீட்டுவரி ஆகியவையே எவருக்கும் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றி இம்முகாமில் மற்ற அலுவலர்கள் பேசுவார்கள். இந்த ஒரு மணி நேரத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் வேறு. ஏரிக்கரையில் நிற்கும் நாவல் மரத்தின் பழத்தில் உள்ள கருநீல நிறம், அப்பழத்தைத் தின்றவரின் வயிற்றுக்குள் சென்ற பின் என்ன ஆகிறது என்பதே அப்பொருள்.

இதை அறிவதால் ஊராட்சிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நம் கிராமங்களில் இன்று மூன்று காரியங்கள் நடைபெற்று வருகின்றன. முதலாவது, வயிறு எரிகிறது என்று சொல்லி மருத்துவரைக் காணாமலே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி மாதக்கணக்காக விழுங்குவது. இரண்டாவது, நாவற்கொட்டைப் பொடியை நம்பிச் சர்க்கரை நோய்க்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடுவது. மூன்றாவது, பழம் உதிர்ந்து தெருவெல்லாம் கறையாகிறது என்று காய்க்கும் நாவல் மரத்தை வெட்டத் தீர்மானம் கொண்டுவருவது. இம்மூன்றுக்கும் ஒரே மருந்து உண்மையை அறிந்துகொள்வதுதான். அந்த உண்மை பழத்தின் நிறத்துக்கும் வயிற்றின் புளிப்புக்கும் உள்ள உறவில் அடங்கியிருக்கிறது.

நிறம் தரும் பொருள் எது?

நாவற்பழத்துக்கு நிறம் தரும் பொருளை விஞ்ஞானிகள் ஆந்தோசயனின் என்று அழைக்கிறார்கள். இது ஒரே பொருள் அன்று. ஒரு பெரிய குடும்பம். பழுத்த களாப்பழம், முசுக்கட்டைப்பழம், கருந்திராட்சை, கத்தரிக்காயின் ஊதாத் தோல், கருப்புக் கவுனி அரிசியின் மேல்தோல், சங்குப்பூ ஆகிய எல்லாவற்றின் நிறமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இந்நிறம் நீரில் கரையும். ஆதலால்தான் நாவற்பழச் சாறு வேட்டியில் பட்டால் உடனே ஊறிப் பரவுகிறது.

மாம்பழம், பப்பாளி, மஞ்சள் பூசணி ஆகியவற்றின் நிறம் வேறு குடும்பம். அதற்குக் கரோட்டின் என்று பெயர். அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். முருங்கைக்கீரையிலும் அது மிகுதியாக உண்டு. இலையின் பச்சை நிறம் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. கரோட்டின் நம் உடலில் வைட்டமின் ஏ சத்தாக மாறிக் கண்பார்வையைக் காக்கிறது. ஆந்தோசயனின் அப்படி வைட்டமினாக மாறுவதில்லை. ஆயினும் அது இரத்தக் குழாய்களின் நலத்துக்குத் துணைசெய்கிறது என்பதற்குச் சான்றுகள் சேர்ந்து வருகின்றன. துணைசெய்ய வேண்டுமானால் அது முதலில் உடலுக்குள் சேர வேண்டும் அல்லவா? வாயில் போட்டதெல்லாம் உடலில் சேர்ந்துவிடுவதில்லை. இங்கேதான் வயிற்றின் புளிப்பு வேலை செய்கிறது.

புளிப்பும் காரமும்

புளிப்பு என்று நாம் சொல்வதை விஞ்ஞானத்தில் அமிலம் என்பர். அதற்கு எதிரானது காரம். இங்கே காரம் என்பது மிளகாயின் உறைப்பு அன்று. சுண்ணாம்பு, சோடா உப்பு, சவர்க்காரம் ஆகியவற்றின் தன்மையே காரம். அமிலத்தையும் காரத்தையும் அளக்க 0 முதல் 14 வரை ஓர் அளவுகோல் உண்டு. மண் பரிசோதனை அட்டையில் பி.எச். என்று குறிக்கப்பட்டிருப்பது இதுவே. தூய நீர் 7. அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு மிகும். மேலே ஏற ஏறக் காரம் மிகும். ஒரு படி இறங்கினால் அமிலத்தின் வன்மை 10 மடங்காகும். இரண்டு படி இறங்கினால் 100 மடங்காகும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கிறது. தெளிந்த சுண்ணாம்பு நீர் 12-ஐத் தாண்டுகிறது.

புளிப்பும் காரமும் நிறத்தை மாற்றும் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியாத செய்தி அன்று. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் அது சிவந்துவிடும். ஆரத்தி கரைப்பது அவ்வாறுதான். நாவற்பழத்தின் நிறமும் இவ்வாறே மாறும் இயல்பு உடையது.

இதோ மேசைமீது மூன்று கண்ணாடிக் குவளைகள் இருக்கின்றன. நாவற்பழத் தோலை நீரில் கசக்கி வடிகட்டி மூன்றிலும் ஊற்றியிருக்கிறோம். முதற் குவளையில் எலுமிச்சைச் சாறு சில துளி விடுகிறோம், பளிச்சென்று சிவக்கிறது. இரண்டாவதில் ஒன்றும் சேர்க்கவில்லை. மங்கிய ஊதாவாக நிற்கிறது. மூன்றாவதில் தெளிந்த சுண்ணாம்பு நீர் விடுகிறோம்; நீலமும் பச்சையும் கலந்த நிறம் வருகிறது. மூன்றாம் குவளையில் உடனே எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு பெரும்பாலும் திரும்பும். நேரம் கழித்துப் பிழிந்தால் திரும்பாது. ஏனெனில் காரத்தில் கிடந்த நிறம் சிறிது சிறிதாகச் சிதைந்து, பழுப்பேறிப் போய்விடும். பள்ளிகளில் இச்சோதனையைச் செய்து காட்டலாம். சுண்ணாம்பு நீர் பிள்ளைகளின் கண்ணில் படாமல் ஆசிரியரே கையாள வேண்டும்.

நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு நீலமாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். பழம் புளிப்பு, உமிழ்நீரோ ஏறக்குறைய நடுநிலையானது. பழத்தின் புளிப்பு உமிழ்நீரில் தணியவே நிறம் நீலத்தின் பக்கம் சாய்கிறது.

இச்சோதனையிலிருந்து இரண்டு செய்திகளை மனத்தில் இருத்துவோம். புளிப்பு இந்நிறத்தைக் காக்கும். காரம் இந்நிறத்தைச் சிதைக்கும். இன்றைய உரை முழுவதும் இவ்விரண்டின் விரிவே.

வயிற்றுக்குள் நடக்கும் பயணம்

நம் இரைப்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. வெறும் வயிற்றில் அதன் அளவு சுமார் 1.5 முதல் 2 வரை; எலுமிச்சைச் சாற்றுக்கு நிகரான, சில சமயம் அதனினும் மிகுந்த புளிப்பு. சோறும் குழம்பும் உண்டவுடன் அமிலம் நீர்த்துப்போய் அளவு 4, 5 என்று ஏறும். பிறகு இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கும். இவ்வமிலம் புரதத்தைச் செரிக்க உதவுகிறது. உணவோடு வரும் கிருமிகளில் பலவற்றைக் கொல்கிறது. இரும்புச்சத்தைக் கரைத்துக் கொடுக்கிறது. வயிற்றின் அமிலம் உடலின் பகைவன் அன்று, வாயிற்காவலன்.

நாவற்பழம் போன்றவற்றின் நிறம் இந்த அமிலத்தில் இறங்கும்போது முதற் குவளையில் கண்டது போலச் செந்நிறமாகி உறுதியாக நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் இரைப்பை நீரைப் போன்ற அமிலத்தில் இந்நிறத்தை ஊறவைத்துப் பார்த்தபோது அதில் பெரும்பகுதி கெடாமல் இருந்தது.

நாம் உண்ணும் சோறு, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் சத்துகள் சிறுகுடலுக்குப் போன பிறகே உறிஞ்சப்படுகின்றன. இரைப்பையின் சுவர் வழியாகவே இரத்தத்தில் சேரும் பொருள்கள் மிகச் சில. சாராயம் அவற்றுள் ஒன்று; குடித்த சற்று நேரத்தில் தலைக்கு ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். பழங்களின் இந்நிறமும் அத்தகைய சில பொருள்களுள் ஒன்று என்று பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. மயக்கத்தில் வைக்கப்பட்ட எலிகளின் இரைப்பையில் இந்நிறப் பொருளைச் செலுத்தியபோது, அரை மணி நேரத்தில் சுமார் கால் பங்கு இரைப்பையிலிருந்தே உறிஞ்சப்பட்டது. ஆனால் எல்லா நிறங்களும் ஒரே அளவில் சேரவில்லை. இந்நிறப் பொருள் தனித்து இருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்தே இருக்கும். ஒரு சர்க்கரையோடு பிணைந்தவை எளிதாகச் சேர்ந்தன. இரட்டைச் சர்க்கரையோடு பிணைந்தவை குறைவாகவே சேர்ந்தன. நம் நாவற்பழத்தில் மிகுந்திருப்பவை இரண்டு சர்க்கரைகளோடு பிணைந்தவை. ஆகவே அந்தக் கால் பங்கு என்ற கணக்கை அப்படியே நாவலுக்குப் பொருத்திவிடக் கூடாது.

இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது. அங்கே பித்தநீரும் கணையநீரும் வந்து அமிலத்தைத் தணிக்கின்றன. அளவு 6, 7 என்று ஏறுகிறது. நிறம் தன் உறுதியை இழந்து சிதையத் தொடங்குகிறது. மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன.

மடையும் ஊற்றும்

அப்படியானால் பழத்தின் நிறத்தில் எவ்வளவுதான் உடலில் சேர்கிறது? பல ஆண்டுகள் வரை, நூற்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ கூடச் சேர்வதில்லை என்றே விஞ்ஞானிகள் எண்ணியிருந்தனர். இரத்தத்திலும் சிறுநீரிலும் முழு வடிவில் இருந்த நிறத்தை மட்டும் அவர்கள் அளந்ததே அதற்குக் காரணம்.

விவசாயிகளாகிய உங்களுக்கு இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஏரி மடையைத் திறந்து விட்ட நீர் முழுவதும் கடைமடை வயலுக்கு வந்து சேர்வதில்லை. வழியில் வாய்க்கால் மண் குடித்துவிடுகிறது. கடைமடையில் நின்று அளப்பவர் மிகுதியெல்லாம் வீணாயிற்று என்பார். ஆனால் மண் குடித்த நீரில் ஒரு பகுதி பக்கத்துக் கிணற்றில் ஊற்றாகப் பொங்குகிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஏரியின் பயன் முழுமையாகத் தெரியும்.

2013-ஆம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வாறு ஊற்றையும் சேர்த்து அளந்தது. எடை மிகுந்த ஒருவகைக் கரியணுவால் அடையாளமிடப்பட்ட நிறப் பொருளை 500 மில்லிகிராம் அளவில் 8 ஆண்களுக்குக் கொடுத்து, 48 மணி நேரம் அவர்களுடைய இரத்தம், சிறுநீர், மூச்சுக் காற்று ஆகியவற்றை ஆராய்ந்தனர். சிறுநீரிலும் மூச்சிலும் வெளிப்பட்டதைக் கணக்கிட்டபோது, குறைந்தது நூற்றில் 12 பங்கு உடலுக்குள் சேர்ந்து பயன்பட்டிருந்தது தெரியவந்தது. சிதைந்துபோன துண்டுகளும் குடல் வழியாக உள்ளே சேர்ந்திருந்தன.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? இரைப்பையின் புளிப்பு நிறத்தைக் காத்து, ஒரு பகுதியை முதலிலேயே உள்ளே சேர்ப்பிக்கிறது. குடல், சிதைந்ததிலும் ஒரு பகுதியைச் சேர்ப்பிக்கிறது. ஆனாலும் மொத்தத்தில் சேர்வது சிறு பங்குதான். ஆகவே நாவற்பழம் நல்ல உணவு. அதை மந்திர மருந்து என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

அமிலத்தை அணைக்கும் மாத்திரைகள்

இனி, தொடக்கத்தில் கூறிய மூன்று காரியங்களில் முதலாவதற்கு வருவோம். ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் முதலிய மாத்திரைகள் இரைப்பையில் அமிலம் சுரப்பதையே குறைக்கின்றன. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும், அமிலம் மேலேறித் தொண்டையை அரிப்பவர்களுக்கும், சில வலி மருந்துகளைத் தொடர்ந்து உண்ண வேண்டியவர்களுக்கும் இவை நல்ல மருந்துகள். மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அவற்றை நம் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. ஆனால் விருந்து உண்ட மறுநாளும், இரவு கண்விழித்த மறுநாளும் தாமாகவே வாங்கி விழுங்கி, அதையே ஆண்டுக்கணக்கில் பழக்கமாக்கிக்கொள்வது வேறு. நீண்ட காலம் அமிலத்தைக் குறைத்து வைத்தால் இரும்புச்சத்து, வைட்டமின் பி12, மெக்னீசியம் ஆகியவை உடலில் சேர்வது குறையக்கூடும்.

நிறங்களைப் பொறுத்தும் இதற்குச் சான்று உண்டு. 1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், நலமுள்ள சிலருக்கு ஒரு வாரம் ஒமெப்ரசோல் கொடுத்து அமிலத்தைக் குறைத்த பின் கரோட்டின் கொடுத்துப் பார்த்தனர். அமிலம் இயல்பாக இருந்தபோது இரத்தத்தில் சேர்ந்ததைவிட மிகவும் குறைவாகவே அப்போது சேர்ந்தது. மாம்பழத்துக்கும் முருங்கைக்கீரைக்கும் உரிய நிறத்துக்கே இந்நிலை.

இது வெறும் நிறத்தைப் பற்றிய செய்தி அன்று. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். இதைவிடப் பெரிய வளர்ச்சிப் பணி நமக்கு என்ன இருக்கிறது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஒரு கையிலும், அமிலத்தை அணைக்கும் மாத்திரையை மறு கையிலும் வைத்துக்கொண்டு விழுங்கினால், ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று குறைத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு உண்பது நல்லது. தேநீர், காப்பி ஆகியவற்றோடு உண்ணலாகாது. நாவற்பழத்தின் துவர்ப்புக்கும் இரும்புச்சத்தைப் பிடித்து நிறுத்தும் தன்மை உண்டு. ஆதலால் மாத்திரைக்கும் நாவற்பழத்துக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா வயிற்றுப்புண்ணும் அமிலத்தால் மட்டும் வருவதில்லை. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இரைப்பையில் குடியேறும் ஒரு நுண்கிருமி என்று கண்டுபிடித்தவர்களுக்கு 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கிருமியைத் தக்க மருந்தால் ஒழிக்கலாம். எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தாலும், விழுங்குவது கடினமானாலும், உடல் மெலிந்தாலும், மலம் தார்போலக் கறுத்துப் போனாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திடீரென்று நெஞ்சு எரிந்து, வியர்த்து, வலி கைக்குப் பரவினால் அதை வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108 அழைக்க வேண்டும்.

சர்க்கரை நோயும் நாவலும்

இரண்டாவது காரியம் கொட்டைப் பொடி. நாவற்கொட்டையைச் சர்க்கரை நோய்க்கு உபயோகிப்பது நம் நாட்டின் பழைய வழக்கம். சித்த மருத்துவரின் மேற்பார்வையில் அதை உண்பவர்களைப் பற்றி நாம் பேசவில்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்திவிட்டு, சந்தையில் பொட்டலமாக விற்கும் பொடியை நம்புகிறவர்களைப் பற்றியே பேசுகிறோம். சர்க்கரை நோய் வலியில்லாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் அரிக்கும் நோய். மாத்திரையை நிறுத்திய முதல் மாதத்தில் ஒன்றும் தெரியாது; தெரியும்போது காலங் கடந்திருக்கும்.

பழத்திலும் சர்க்கரை இல்லாமலில்லை. 100 கிராம் நாவற்பழத்தில் சுமார் 14 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்டு. நோயுள்ளவர்கள் ஒரு கைப்பிடி உண்ணலாம். கூடை கூடையாக உண்பது மருந்தாகாது. ஊராட்சி உறுப்பினர்கள் தம் வார்டில் மாத்திரையை நிறுத்தியவர்கள் யார் என்று விசாரித்து, அவர்களைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைத்தால் அதுவே பெரிய சேவை.

உண்பதும் பதப்படுத்துவதும்

பழத்தை எவ்வாறு உண்பது? நன்கு பழுத்ததை, கழுவி, தோலோடு உண்ண வேண்டும். நிறம் மிகுந்திருப்பது தோலில்தான். உப்புத் தூவி உண்பதால் நிறத்துக்குக் கெடுதல் இல்லை. துவர்ப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் உணவுக்குப் பின் உண்ணட்டும். சிறு குழந்தைகளுக்குக் கொட்டையை நீக்கிச் சதையை மட்டும் கொடுக்க வேண்டும். கொட்டை தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

நாவற்பழம் பறித்து ஓரிரு நாளில் அழுகத் தொடங்கிவிடும். சந்தையில் விலை விழுந்த நாளில் அதைச் சாறாக்கி விற்க மகளிர் குழுக்கள் முன்வரலாம். இங்கும் முன்பு கண்ட விதிதான். புளிப்பு காக்கும், காரம் சிதைக்கும். சாற்றில் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நிறம் பளிச்சென்று நிற்கும். புளிப்பைத் தணிக்க ஆப்ப சோடா சேர்த்தால் நிறம் மங்கிக் கெடும். இரும்புப் பாத்திரத்தில் வைத்தால் சாறு கறுத்துவிடும். எவர்சில்வர் பாத்திரமோ கண்ணாடியோ ஏற்றது. நெடுநேரம் கொதிக்க விடலாகாது. வெப்பமும் வெளிச்சமும் இந்நிறத்துக்குப் பகை. புட்டியில் அடைத்து விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவுச் சான்று பெற வேண்டும். சர்க்கரை நோயைப் போக்கும் என்று புட்டியில் அச்சிட்டு விற்பது சட்டப்படி குற்றமாகும். நம் குழுக்களின் நற்பெயருக்கும் இழுக்கு.

மரத்தைக் காப்பது நம் கையில்

மூன்றாவது காரியம் மரம். நம் ஒன்றியத்து ஊராட்சி ஒன்றில், பள்ளிக்கு அருகில் நிற்கும் நான்கு நாவல் மரங்களை வெட்ட வேண்டும் என்று சில பெற்றோர் மனுக் கொடுத்தனர். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் கறை, வழியெங்கும் வழுக்கல் என்பது அவர்கள் குறை. குறை பொய்யன்று. மன்றத்தில் இரு தரப்பும் பேசிய பின் வேறொரு முடிவு எட்டப்பட்டது. காய்க்கும் பருவத்தில் மரத்தடியில் வலை கட்டுவது. காலையில் தூய்மைப் பணியாளர் முதலில் அவ்விடத்தைப் பெருக்குவது. பலன் குத்தகை எடுப்பவர் ஒரு பங்கு பழத்தைப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். கறைக்கும் வழி சொல்லப்பட்டது. நாவற்கறையில் முதலில் சோப்புப் போட்டால், அதிலுள்ள காரத்தால் கறை நீலமாகிறது. எலுமிச்சைச் சாற்றை முதலில் தேய்த்து, நீரில் அலசி, அதன் பிறகு சோப்புப் போட்டால் எளிதில் வெளுக்கும். இப்போது அந்த நான்கு மரங்களும் நிற்கின்றன.

நாவல் நம் மண்ணுக்குப் புதிய மரம் அன்று. இப்பெரு நிலத்துக்கே நாவலந்தீவு என்று பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். திருவானைக்காவில் தல மரம் வெண்ணாவல். ஔவையார் களைத்து வந்து நின்றதாகச் சொல்லப்படும் கதையிலும் மரத்தின்மேல் இருந்த சிறுவன் உலுக்கி உதிர்த்தது நாவற்பழமே. வழிப்போக்கரின் பசி தீர்க்கச் சாலையிலும் ஏரிக்கரையிலும் வளர்த்த மரம் அது. விலை கொடுத்து வாங்க இயலாத ஏழைக் குழந்தைக்கும் கிடைக்கும் பழம் அது ஒன்றே எனலாம். நகரத்துக் கடைகளில் கடல் கடந்து வரும் பிளாக்பெரி, புளூபெரி ஆகியவற்றுக்குச் சிறு பெட்டிக்கே பெருவிலை கேட்கிறார்கள். அவற்றின் நிறமும் நம் ஏரிக்கரையில் உதிரும் பழத்தின் நிறமும் ஒரே குடும்பம்.

நீர் தேங்கும் இடத்திலும் தாங்கி வளரும் மரமாதலால் ஏரிக்கரைக்கும் ஓடைக்கரைக்கும் நாவல் ஏற்றது. விதைக் கன்று காய்க்க 8 முதல் 10 ஆண்டுகள் ஆகும். ஒட்டுக் கன்று அதனினும் விரைவில் காய்க்கும். கன்றுக்குக் கன்று 8 முதல் 10 மீட்டர் இடைவெளி வேண்டும். நாவலின் கிளை முறியும் இயல்புடையது. பிள்ளைகளை மரமேற விடாமல், கீழே வலையோ பழைய சேலையோ விரித்துப் பழத்தை உலுக்கி எடுப்பதே பாதுகாப்பு.

நாம் செய்ய வேண்டியவை

ஊராட்சித் தலைவர்களே, உறுப்பினர்களே! இவ்வுரையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவதோடு நில்லாமல் நான்கு காரியங்களைச் செய்யுமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, உங்கள் ஊராட்சி எல்லையில் காய்க்கும் நாவல் மரங்கள் எத்தனை என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதுங்கள். எண்ணாத மரம் எப்போது வெட்டப்பட்டது என்று எவருக்கும் தெரியாது.

இரண்டாவது, பலன் குத்தகை விடும்போது பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் ஒரு பங்கு பழம் என்ற நிபந்தனையைச் சேருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் காய்க்கும் பழத்துக்கு அதற்கு முன்பே, மே 1 கிராம சபையில் இதைப் பேசி முடித்துக்கொள்வது நலம்.

மூன்றாவது, ஆகஸ்டு 15 கிராம சபைக்குச் சுகாதார நிலைய மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து, வயிற்று மாத்திரைகளைப் பற்றியும் இரும்புச்சத்து மாத்திரைகளைப் பற்றியும் கால் மணி நேரம் பேசச் செய்யுங்கள். மூன்று குவளைச் சோதனையை அங்கே பள்ளி மாணவர்களே செய்து காட்டட்டும். கேட்டதை மறப்பவர்களும் கண்டதை மறக்க மாட்டார்கள்.

நான்காவது, அக்டோபர் 2 கிராம சபையில் எந்தக் கரையில் எத்தனை கன்று நடுவது என்று தீர்மானித்து, வடகிழக்குப் பருவமழையிலேயே நட்டுவிடுங்கள். நட்ட கன்றுக்கு முதல் இரண்டு கோடைகளில் நீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

பெரும் பணம் செலவாகும் திட்டம் ஒன்றையும் நாம் இங்கே முன்வைக்கவில்லை. இயற்கை ஒரு பழத்தில் நிறத்தை வைத்தது. அந்நிறத்தைக் காக்கும் புளிப்பை நம் வயிற்றில் வைத்தது. மரத்தை வெட்டாமலும், புளிப்பை வீணே அணைக்காமலும், பழத்தைப் பழமாகவும் மருந்தை மருந்தாகவும் மதித்தும் நடந்துகொண்டால் போதும். அடுத்த ஆடியில் உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் நீல நாக்கை நீட்டிச் சிரிக்கும்போது, நம் ஊராட்சி அவர்களுக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது என்று நாம் மனநிறைவு கொள்ளலாம்.